உயிர் வழக்கில் உரைப்பார் யார்?

(சென்னை அபிராமபுரத்தில் தமிழன்பர் அவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



அபிராமபுரத்தில் கூடிச் சட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. வள்ளுவப் பெருந்தகை பிறந்த ஊரென்று வழிவழியாகப் போற்றப்படும் மயிலை இதன் பக்கத்தே உள்ளது. மறுபக்கத்தே, கிரீன்வேசுச் சாலையென மக்கள் வழங்கும் சாலையில், அமைச்சரும் உயர் அறமன்ற நடுவரும் வாழும் மனைகள் உள்ளன. மயிலையும் அதனைச் சூழ்ந்த தெருக்களும் நூறாண்டுகளுக்கு மேலாகப் பெயர்பெற்ற வழக்குரைஞர் பலருக்கு உறைவிடமாய் இருந்து வருகின்றன. செல்வமுடையான் ஒருவன்மேல் வழக்கு வருமாயின், இத்தெருக்களில் ஒரு நாழிகை நடந்தாலே அவனுக்காக வழக்காட வல்லார் பதின்மரைக் கண்டு திரும்பலாம்.

இங்கிருந்து மேற்கே சில கல் தொலைவில் இருப்பது முகலிவாக்கம். 2017-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் அங்கே ஏழு அகவைச் சிறுமி ஒருத்தி கொடுமைப்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். கேட்டார் நெஞ்செல்லாம் பதைத்தன. அவள் வாழ்ந்த அடுக்ககத்திலேயே வாழ்ந்த தசுவந்து என்னும் இளைஞன் தளைசெய்யப்பட்டான். 2018 பிப்பிரவரி 19-ஆம் நாள் செங்கற்பட்டு மகளிர் அறமன்றம் அவனுக்குச் சாவொறுப்பு விதித்தது. அவ்வாண்டு சூலையில் சென்னை உயர் அறமன்றம் அதனை உறுதிசெய்தது. ஏழாண்டுகள் கழிந்து, 2025 அக்தோபர் 8-ஆம் நாள், உச்ச அறமன்றம் அவ்விரு தீர்ப்புகளையும் நீக்கி அவனை விடுவித்தது.

செய்தி வெளிவந்த அன்று தெருவெங்கும் எழுந்த வினா ஒன்றே: “இத்தகைய வழக்கிலுமா விடுதலை?” சினத்தில் பிறந்த வினா அது; ஆயினும் விடையிறுக்கத் தக்க வினா. அவ்விடையைத் தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

அந்த நான்கு நாள்

உச்ச அறமன்றத்தின் தீர்ப்பை ஊன்றிப் பார்த்தால் இரு செய்திகள் புலனாகின்றன. ஒன்று, சான்றுகளின் குறை. இருவரையும் ஒருங்கே கண்டதாகச் சொல்லப்பட்ட செய்தி நிலைபெறவில்லை. கண்காணிப்புப் படக்கருவியின் பதிவு முறைப்படி மன்றத்தின்முன் வைக்கப்படவில்லை. மரபணு ஆய்வுக்குரிய பொருள்கள் கைமாறிய வழியும் ஐயத்துக்கு இடமானது. சூழ்நிலைச் சான்றுகளால் கட்டப்பட்ட வழக்கில் ஒவ்வொரு கண்ணியும் உறுதியாய் இருத்தல் வேண்டும். அறுந்த சங்கிலியைக் கொண்டு எவனையும் பிணித்தல் இயலாது.

மற்றொன்று, இவ்வுரைக்கு உயிரான செய்தி. 2017 அக்தோபரில் குற்றச்சாட்டு வரையப்பட்டபோது அவன்பால் நின்று பேச வழக்குரைஞர் எவரும் இலர். திசம்பரில்தான் சட்ட உதவியின்வழி ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் வழக்கேடுகளைப் படித்துத் துணிவதற்கு நான்கு நாள்கள்கூட நிறைவாகக் கிடைத்தில. சான்றாளர் உசாவல் தொடங்கிவிட்டது. முப்பது சான்றாளர்கள்! இரண்டு திங்களுக்குள் எல்லாம் முடிந்தது. குற்றவாளியெனத் தீர்ப்பளித்த நாளிலேயே சாவொறுப்பும் அறிவிக்கப்பட்டது. அவனுடைய வாழ்க்கை நிலையோ மனநிலையோ சிறையில் அவன் நடந்துகொண்ட முறையோ, எதுவும் எடைபோடப்படவில்லை. நேர்மையான உசாவலுக்குரிய உரிமை அவனுக்கு மறுக்கப்பட்டதென்று உச்ச அறமன்றம் தெளிவாகக் கூறியது.

இதில் இழந்தவர் யாவர்? முதற்கண் அச்சிறுமியின் பெற்றோரே. மகளை இழந்தார்க்கு நாடு கொடுக்க வேண்டிய கடன் ஒன்று உண்டு. இன்னார் செய்தார், இதோ சான்று என்று உறுதியாக நிறுவிக் காட்டுவதே அக்கடன். எட்டாண்டுகளுக்குப் பின்னும் அது தீர்க்கப்படவில்லை. வலுவான வழக்குரைஞர் ஒருவர் தொடக்கத்திலேயே எதிர்நின்று வினவியிருந்தால், சான்றிலுள்ள ஓட்டைகள் அன்றே வெளிப்பட்டிருக்கும். காவல்துறை அவற்றை அடைக்கவோ, வேறு வழியில் தேடவோ காலம் இருந்திருக்கும். எதிர்ப்பின்றிக் கிடைத்த தீர்ப்பு, முட்டில்லாத பந்தல்போல் முதற் காற்றிலேயே சாய்ந்தது.

ஆகவே, தெளிக: குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு வழக்குரைஞர் தருவது குற்றத்துக்குத் தரும் சலுகை அன்று. பொன்னுக்கு உரைகல் எத்தகையதோ, வழக்குக்கு எதிர்வழக்கு அத்தகையது. உரைத்துப் பாராமல் பொன்னென்று கொண்டவன் பின்னர்ப் பித்தளையென்று அழுவான்.

கோவலன் வழக்கு

தமிழர்க்கு இஃது அயலார் கற்பித்த பாடமா? இல்லை. தமிழின் தலையாய காப்பியமே இப்பிழையை அடித்தளமாகக் கொண்டு எழுந்தது.

கோவலன் வழக்கைச் சட்டக் கண்கொண்டு நோக்குக. முறையிட்டவன் பொற்கொல்லன்; உண்மையில் களவு செய்தவனும் அவனே. சான்றென நின்றது ஒரு சிலம்பு. குற்றஞ்சாட்டப்பட்டவன் ஊருக்குப் புதியவன். உறவும் துணையும் அற்றவன். மன்னனோ அவையில் இருந்தானல்லன். அரசியின் ஊடல் தணிக்க விரைந்துகொண்டிருந்தான். சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் கொன்று கொணர்க என்பது வழியில் நின்று பிறந்த ஆணை. காவலருள் சிலர் கோவலனைக் கண்டதும் இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என ஐயுற்றனர். அவ்வையத்தை எடுத்துரைக்க ஓர் அவை இல்லை; கேட்க ஒரு நடுவன் இல்லை. கல்லாத களிமகன் ஒருவனின் வாள் வழக்கை முடித்தது.

பின்னர் வழக்காட வந்தவள் கண்ணகி. அவள் அழுகையை மட்டும் கொண்டு வந்தாளல்லள். சான்றைக் கொண்டு வந்தாள். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். ஒரே வினாவில், ஒரே சான்றில், வழக்கு உடைந்தது. பாண்டியன் அவள் மொழியைப் பொறுமையாகக் கேட்டான். சிலம்பைக் கொணரச் செய்தான். பிழையை உணர்ந்ததும் மறைக்க முயலாமல் அரியணையிலேயே உயிர்நீத்தான். அந்த மன்னனிடத்தில் கேட்கும் மனம் இருந்தது. தேரும் அறிவும் இருந்தது. இல்லாதது காலம் மட்டுமே. கொலைக்கு முன் கேட்க வேண்டிய எதிர்மொழியைக் கொலைக்குப் பின் கேட்டான். இன்றைய சட்டமொழியில் சொல்வதாயின், உரிய வழக்குரைஞர் உரிய நேரத்தில் வந்திலர். அதனால் மதுரை எரிந்தது.

கோவூர்கிழார் காட்டிய வழி

உரிய நேரத்தில் வந்த வழக்குரைஞரும் தமிழில் உண்டு. அவர் கோவூர்கிழார். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், தன் பகைவனாகிய மலையமானின் மக்களை யானைக்கால் இடத் துணிந்தான். புறநானூற்றின் 46-ஆம் பாட்டு அந்நேரத்தில் எழுந்த வழக்குரை. புலவர் மன்னனைப் பழிக்கவில்லை. மன்னனின் குலம் எளிய உயிருக்கும் இரங்கிய குலமென நினைவூட்டினார். அச்சிறுவர் புலவர்க்குப் பகுத்துண்ட குடியினர் எனக் காட்டினார். யானையைக் கண்ட வியப்பில் அழுகை மறந்து, அறியாத மன்றத்தைப் புதிதாய் நோக்கி நிற்கும் பிள்ளைகளின் நிலையைக் கண்முன் நிறுத்தினார். இவ்வளவும் சொல்லி, இனி நீ விரும்பியது செய்க என்று முடிவை மன்னனிடமே விட்டார். பிள்ளைகள் உய்ந்தனர்.

அவரே மற்றொரு முறையும் எழுந்தார். உறையூருட் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றனென ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்தபோது, புலவர் வாழ்க்கை எத்தகையது, அதில் பிறர்க்குத் தீதெண்ணும் இடம் உண்டா என எடுத்துக்காட்டி உயிர் காத்தார். அது புறநானூற்றின் 47-ஆம் பாட்டு.

இங்கே ஓர் உண்மை கருதத்தக்கது. 2022 மே திங்களில், மனோசு என்பானது வழக்கில், உச்ச அறமன்றம் ஒரு நெறியை வகுத்தது. சாவொறுப்பு விதிக்குமுன், குற்றவாளியின் குடும்பச் சூழல், வளர்ப்பு, மனநலம், சிறையொழுக்கம் முதலியவற்றை அரசே திரட்டி மன்றத்தின்முன் வைத்தல் வேண்டும் என்பது அந்நெறி. நிற்பவன் யார், எக்குடிப் பிறந்தான், எந்நிலையில் நிற்கிறான் என்று உரைப்பதுதானே கோவூர்கிழார் செய்தது! சட்டம் இன்று தேடிக் கண்ட நெறியைத் தமிழ்ப் புலவர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அரசவையில் நின்று நடத்திக் காட்டினார்.

வள்ளுவர் கொடியாரை ஒறுப்பதை மறுத்தவர் அல்லர். களை பறித்தலோடு அதனை ஒப்பிட்டவர். ஆயினும் அக்குறள் அமைந்த செங்கோன்மை அதிகாரத்தைத் தேர்தலில் தொடங்கியே வைத்தார்; குற்றத்தை ஆராய்ந்து, எவரிடத்தும் சாயாமல், தேர்ந்து செய்வதே முறை என்றார். பயிரையும் களையையும் பிரித்தறியாதவன் கையில் களைக்கொட்டு கொடுத்தால் வயல் என்னாகும்?

சட்டம் சொல்வதும் நடப்பதும்

ஏட்டில் குறைவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 22-ஆம் உறுப்பு, தளைசெய்யப்பட்டவன் தான் விரும்பிய வழக்குரைஞரைக் கொண்டு வழக்காடும் உரிமையைத் தருகிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட 39அ உறுப்பு, பொருளின்மையால் எவரும் முறை இழக்கலாகாது என்கிறது. 1978 முதல் உச்ச அறமன்றம் சட்ட உதவியை உயிருரிமையின் கூறாகவே கொண்டு தீர்ப்பளித்து வந்துள்ளது.

ஆனால் பெயருக்கு ஒருவரை நிறுத்துவது உதவி ஆகுமா? மத்தியப் பைதிரத்தில் அனோக்கிலால் என்பான்மேல் 2013-இல் ஒரு குழந்தைக் கொலை வழக்கு வந்தது. குற்றச்சாட்டு வரையப்பட்ட அன்றைக்கே வழக்குரைஞர் அமர்த்தப்பட்டார். பதின்மூன்று நாளில் உசாவல் முடிந்து சாவொறுப்பு வந்தது. 2019 திசம்பரில் உச்ச அறமன்றம் அதனை நீக்கியது. சாவொறுப்போ வாழ்நாள் சிறையோ வரக்கூடிய வழக்குகளில் பத்தாண்டுப் பட்டறிவு உடையவரே அமர்த்தப்படல் வேண்டும், அவர் அணியமாவதற்குக் குறைந்தது ஏழு நாள் தரல் வேண்டும் என்றும் நெறி வகுத்தது. வழக்கு மீண்டும் நடந்தது. 2024 மார்ச்சில் அவன் குற்றமற்றவனென விடுவிக்கப்பட்டான். பதினோராண்டுகள் சிறையில் கழிந்தன!

மராட்டிய மாநிலத்தில் நாடோடிக் குடியைச் சேர்ந்த அறுவர் நிலை இதனினும் கொடிது. 2009-இல் உச்ச அறமன்றமே அவர்கள் அனைவரையும் தூக்கிலிட ஆணையிட்டது. 2019 மார்ச்சில் அதே அறமன்றம் அறுவரும் குற்றமற்றவர் என்றது. தூக்குக் கயிறு விரைந்திருந்தால் இரண்டாவது தீர்ப்பைப் படித்துக் காட்ட யாரிடம் செல்வது?

தில்லித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாவொறுப்புப் பெற்றோருள் நூற்றுக்கு 74 பேர் பொருளால் நலிந்தவர். தூக்குமரத்தின் நிழல் ஏழையின் குடிசைமேல் நீள்கிறது; மாடத்தின்மேல் விழுவது அருமை. வெள்ளையர் நாட்டிலும் இதுவே நிலை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கறுப்பின இளைஞர் எண்மர்க்கு, உசாவல் நாளன்று காலையில் பெயரளவில் வழக்குரைஞர் காட்டிச் சாவொறுப்பு விதித்தனர். 1932-இல் அந்நாட்டு உச்ச அறமன்றம் அத்தீர்ப்பை நீக்கிய பின்னரே, அங்கே இவ்வுரிமைக்கு வேர் பிடித்தது.

இருபத்தறுவரும் ஒரு தாயும்

1998 சனவரி 28-ஆம் நாளைத் தமிழர் மறந்திருக்க மாட்டார். இராசீவ் காந்தி கொலை வழக்கில் பூவிருந்தவல்லித் தனி அறமன்றம் இருபத்தறுவர்க்கும், ஒருவர் விடாமல், சாவொறுப்பு விதித்த நாள் அது. காவல் அலுவலரிடம் தந்த ஒப்புதல் மொழியையே சான்றாகக் கொள்ள இடந்தந்த தடாச் சட்டத்தின்கீழ் நடந்த வழக்கு. உயர் அறமன்றத்துக்கு முறையீடே கிடையாது. நேரே உச்ச அறமன்றம் செல்ல வேண்டும். அதற்கு வேண்டிய பொருளுக்கு அவர்களின் குடும்பங்கள் எங்கே போகும்? பழ. நெடுமாறன் முதலியோர் முன்னின்று குழு அமைத்தனர், மக்கள் ஈந்தனர், மூத்த வழக்குரைஞர் நடராசன் வழக்காடினார். விளைவு என்ன? 1999 மே 11-ஆம் நாள் பத்தொன்பதின்மர் கொலைக் குற்றத்தினின்று விடுபட்டனர். மூவர்க்கு வாழ்நாள் சிறையானது. நால்வர்க்கே சாவொறுப்பு நின்றது. வழக்காடுவார் இல்லாதிருந்தால் அப்பத்தொன்பதின்மரும் எங்கே இருந்திருப்பர்?

எஞ்சிய நால்வருள் பேரறிவாளன் கதை இன்னும் அறிவுறுத்தும். அவரது ஒப்புதல் மொழியைப் பதிந்த அலுவலரே 2013-இல், அவர் சொன்னதைச் சொன்னவாறு எழுதவில்லை என வெளிப்படையாகக் கூறினார். மின்கலம் எதற்கெனத் தமக்குத் தெரியாது என்று அவர் சொன்ன சொல் ஏட்டில் ஏறவில்லை. தளைப்பட்டவன் பக்கத்தில் அன்று ஒரு வழக்குரைஞர் அமர்ந்திருந்தால் அச்சொல் காணாமற் போயிருக்குமா? 2014-இல் சாவொறுப்பு நீங்கி, 2022 மே 18-ஆம் நாள் அவர் விடுதலை பெற்றார். அப்போது ஏறத்தாழ முப்பத்தோராண்டுகள் கடந்திருந்தன.

கடல் கடந்த தமிழர் நிலையையும் நோக்குக. மலேசியத் தமிழர் நாகேந்திரன் தருமலிங்கம், 42.72 கிராம் போதைப்பொருள் கடத்திய குற்றத்துக்காகச் சிங்கப்பூரில் சாவொறுப்புப் பெற்றவர். அறிவுத்திறன் அளவு 69 என மதிப்பிடப்பட்டவர். 2022 ஏப்பிரல் 26-ஆம் நாள், கடைசி முறையீட்டில் அவருக்காக வழக்காட வழக்குரைஞர் கிடைத்திலர். பெற்ற தாயே அறமன்றத்தின்முன் நின்றார். முறையீடு தள்ளப்பட்டது. மகனின் கையைப் பற்றிக்கொள்ள மட்டும் இசைவு கிடைத்தது. மறுநாட் காலையில் அவர் தூக்கிலிடப்பட்டார். முன்னர் அவருக்காக வழக்காடியோர்மேல் 20,000 வெள்ளி செலவுத்தொகை சுமத்தப்பட்டதும் அவ்வாண்டே. வழக்காடுவாரை ஒறுக்கும் நாட்டில் யார் வழக்காட முன்வருவர்? கண்ணகியாவது சிலம்போடு சென்றாள். அத்தாயின் கையில் மகன் கைதவிர வேறொன்றும் இல்லை.

மொழியும் ஒரு காப்பே

தமிழன்பர் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. கீழ் அறமன்றங்களில் தமிழில் சான்று பதியப்படுகிறது. சாவொறுப்பு எதுவாயினும் உயர் அறமன்றம் உறுதிசெய்த பின்னரே நிறைவேறும். அவ்வுயர் அறமன்றத்தின் மொழியோ ஆங்கிலம். தமிழிற் சொன்ன சான்று ஆங்கிலத்திற் புகும். ஆங்கிலத்தில் அளந்து தீர்ப்பெழுதப்படும். உயிரை இழக்கப்போகிறவனோ அதில் ஒரு வரியும் அறியான். தன் வழக்குரைஞர் நன்றாகப் பேசினாரா, தன் சொல் திரிந்ததா என்று அவன் எங்ஙனம் அறிவான்? தனக்கு விளங்காத மொழியில் நடக்கும் காப்பு அரைக்காப்பே.

தமிழை உயர் அறமன்ற மொழியாக்க வேண்டுமெனத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது. அரசியலமைப்புச் சட்டத்தின் 348-ஆம் உறுப்பு அதற்கு இடந்தருகிறது. அவ்வழியே நான்கு மாநிலங்களின் உயர் அறமன்றங்களில் இந்திக்கு இடம் கிடைத்துள்ளது. தமிழுக்குக் கதவு அடைபட்டுள்ளது. தமிழை வழக்குமொழியாக்கக் கேட்பது மொழிப்பெருமைக்காக மட்டும் என்று எண்ணுவார் உளர். தூக்குமரத்தின் கீழ் நிற்பவனைக் கேட்டுப் பார்க்கட்டும். அது உயிர்க்காப்பு என்பான்.

செய்ய வேண்டுவன

முதலாவது, குற்றம் எத்துணைக் கொடிதாயினும் வழக்குரைஞரை மறுக்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். கோவையில் வழக்குரைஞர் கழகம் ஒன்று, குறித்த சிலர்க்காக எவரும் வழக்காடலாகாதெனத் தீர்மானித்தது. 2010 திசம்பரில், முகம்மது இரஃபி வழக்கில், உச்ச அறமன்றம் அத்தகைய தீர்மானங்கள் செல்லா என்று அறுதியிட்டது. தமிழ்மண்ணிலிருந்து எழுந்த அத்தீர்ப்பை ஒவ்வொரு வழக்குரைஞர் அறையிலும் எழுதி மாட்டல் தகும்.

இரண்டாவது, சாவொறுப்பு வரக்கூடிய வழக்குகளில் பட்டறிவுடையார் முதல் நாளிலிருந்தே அமர்த்தப்படல் வேண்டும். அவர்க்கு உரிய ஊதியமும், வழக்கேடுகளும், ஆய்வறிஞர் துணையும், படிக்கக் காலமும் அரசு தரல் வேண்டும். குற்றஞ்சாட்ட அரசு எவ்வளவு செலவிடுகிறதோ, அதற்கு ஈடாகக் காக்கவும் செலவிடுவதே நடுவுநிலை. துலாக்கோலின் ஒரு தட்டில் அரசு முழுவதும் ஏறி அமர்ந்துகொண்டு, மறு தட்டில் ஒரு துரும்பை வைத்தால் அது நிறுத்தல் ஆகாது.

மூன்றாவது, மயிலையிலும் அபிராமபுரத்திலும் வாழும் புகழ்வாய்ந்த வழக்குரைஞர் ஒவ்வொருவரும், ஆண்டுக்கு ஓர் ஏழையின் உயிர் வழக்கையேனும் ஊதியமின்றி ஏற்க முன்வரல் வேண்டும். கோவூர்கிழார் மலையமான் மக்களிடம் பொருள் பெற்றாரல்லர். மறக்கப்படாத பேர் பெற்றார்.

நான்காவது, தமிழில் வழக்காடும் உரிமையைத் தமிழர் இடைவிடாது கேட்டல் வேண்டும்.

கொல்லப்பட்ட குழந்தைக்காக அழும் கண்ணும், குற்றஞ்சாட்டப்பட்டவன் சொல்லைக் கேட்கும் செவியும் ஒரே அறத்தின் இரு பொறிகள். கண் இருந்து செவி இல்லாத அரசு பாண்டியன் அவையாகும். அவ்வவைக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தமிழ்க்குழந்தையும் அறியும்.

உயிர் வழக்கில் உரைப்பாரின்றி எவனும் நிற்கலாகாது. அறம் வெல்க! தமிழ் வெல்க!